நூறு கிலோவைத் தொட்ட உடம்புக்கு: எடையைப் பத்திரமாக இறக்க, இறக்கியதைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கல்யாணத்துக்குள் நாலு கிலோ குறைக்க நினைப்பவருக்கான வழிகாட்டி இது இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பஸ் படியில் கால் வைக்கும்போது முட்டி பிடிக்கிறது, சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை ஆரம்பித்தாயிற்று, இரண்டு மூன்று தடவை எடை குறைத்து அதைவிடக் கூடுதலாக ஏறியும் ஆயிற்று. அப்படிப்பட்டவரை மனதில் வைத்து எழுதியது இது.

இவர்களுக்கு அறிவுரைப் பஞ்சம் கிடையாது. "வாயைக் கட்டு, காலையில் நட" என்று சொந்தக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை சொல்லி முடித்துவிட்டார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையிலோ உடல் பருமனிலோ இருந்தார்கள். பத்துப் பேரில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாப்பாடு, வேலை, தூக்கம், மருந்து, பரம்பரை எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் நாள்பட்ட நோய் இது. ரத்த அழுத்தத்தைப் போலவே பல வருடம் பார்த்துக்கொள்ள வேண்டியது.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறேன். ஐந்து வருடம் கழித்தும் உங்களால் செய்ய முடியாது என்று தெரிகிற எதையும் இன்றைக்கு ஆரம்பிக்க வேண்டாம். எடையைக் குறைக்க ஆறு மாதம் போதும். குறைந்த இடத்தில் நிற்பதுதான் வருடக்கணக்கான வேலை.

முதல் படி: சரியாக அளவெடுங்கள்

எடையை மீட்டரில் சொன்ன உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. 160 செ.மீ. உயரம், 95 கிலோ என்றால் 95-ஐ 1.6-ஆல் இரண்டு முறை வகுக்க, 37 சொச்சம் வரும். இந்தக் கட்டுரை நெடுக இவரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். நாற்பது வயது, உட்கார்ந்து பார்க்கும் வேலை.

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 30-க்கு மேல் போனால்தான் உடல் பருமன். இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே பருமன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வருவதுதான் காரணம். அதனால் பிஎம்ஐயைவிட இடுப்பளவு கூடுதலாகச் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், தையல் டேப்பை இறுக்காமல் வைத்து அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து கூடுகிறது.

எடை இயந்திரம் வாங்கும்போது அதன் உச்ச அளவைப் பாருங்கள். சில வீட்டு இயந்திரங்கள் 150 கிலோவுக்கு மேல் காட்டாது. கட்டாந்தரையில் வைத்து, காலையில் கழிவறை போய்வந்தபின், வாரம் ஒருநாள் பார்த்தால் போதும்.

இன்னொன்று. பருத்த கைக்குச் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். "பெரிய சைஸ் பட்டை இருக்கிறதா?" என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்தத் தவறான எண்ணை நம்பி தேவையில்லாத ஒரு மாத்திரை கூடிவிடக்கூடாது.

இரண்டாம் படி: சாப்பாட்டைத் தொடும் முன் டாக்டரைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பத்திரமாகக் குறைப்பது என்பதில் பாதி இங்கேதான் இருக்கிறது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு, கல்லீரல், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), டிஎஸ்எச் (தைராய்டுக்கு), ஹீமோகுளோபின் ஆகியவை அடிப்படைப் பரிசோதனைகள். ஃபேட்டி லிவர் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்கள் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) பற்றிக் கேட்க வேண்டும்.

தைராய்டைப் பற்றி ஒரு வார்த்தை. எடை ஏறினால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது அதைத்தான். தைராய்டு சுரப்பு குறைந்தால் எடை ஏறும். ஆனால் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோ வரைதான், அதிலும் நிறைய நீர்தான். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு டிஎஸ்எச் சரியான பிறகும் முப்பது கிலோ கூடுதலாக இருக்கிறது என்றால் காரணம் வேறு.

அந்தக் காரணம் சில சமயம் உங்கள் மருந்துப் பெட்டியிலேயே இருக்கும். ஸ்டீராய்டு, இன்சுலின், கிளிமிப்பிரைடு வகைச் சர்க்கரை மாத்திரைகள், பயோகிளிட்டசோன், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், மனநல மருந்துகளில் ஒலன்சபின், மிர்டசபின், அமிட்ரிப்டிலின் போன்றவை எடையை ஏற்றக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், "இதில் எடையை ஏற்றாத மாற்று உண்டா?" என்று கேளுங்கள். பல மருந்துகளுக்கு உண்டு.

இதைவிட அவசரமான விஷயம், சாப்பாடு குறையும்போது மருந்தும் குறைய வேண்டும் என்பது. இன்சுலினோ கிளிமிப்பிரைடோ எடுப்பவர் சோற்றைப் பாதியாக்கிவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலோ பட்டினி கிடந்தாலோ, ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே வரும் என்பதால் எளிதில் தவறவிடப்படும். எடை இறங்க இறங்க பிரஷரும் இறங்கும்; எழுந்து நின்றால் தலை சுற்றினால் மாத்திரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறட்டையைப் பற்றியும் சொல்லுங்கள், டாக்டர் கேட்காவிட்டாலும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்களா, எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் கண் சொக்குகிறதா? அது ஸ்லீப் ஏப்னியாவாக இருக்கலாம். இரவெல்லாம் திணறும் உடம்புக்கு மறுநாள் பசியும் அசதியும் கூடும். அதற்குச் சிகிச்சை தராமல் சாப்பாட்டை மட்டும் சரிசெய்யப் பார்ப்பது வீண் போராட்டம்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள், சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் ஆகியோருக்கு இங்கே வரும் கலோரிக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குத் தனித் திட்டம் வேண்டும்.

மூன்றாம் படி: இலக்கைச் சின்னதாக வையுங்கள்

160 செ.மீ. உயரத்துக்கு 58 கிலோ என்று சுவரில் மாட்டிய அட்டவணை சொல்லும். 95 கிலோவில் இருப்பவருக்கு அந்த எண்ணால் ஒரு நன்மையும் இல்லை. 83-க்கு வந்து நின்றாலும் தோற்றதாகவே தோன்றும்.

இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம், ஆறு மாதத்தில். நம் உதாரணத்துக்கு ஐந்து முதல் ஒன்பதரை கிலோ. இந்த அளவுக்கே சர்க்கரை, பிரஷர், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, கல்லீரல் கொழுப்பு எல்லாம் அசையத் தொடங்கும். 2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 சதவீத எடைக்குறைப்பும் வாரம் 150 நிமிட உடலியக்கமும் இலக்காகத் தரப்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இன்னும் சுவாரசியமானது. வாழ்க்கைமுறையை மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையாமலே நோய் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. இயந்திரத்தின் முள் அசையாத மாதத்தில் இதை நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவருக்குப் பெரிய இலக்கு ஒன்று உண்டு. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோயற்ற அளவுக்கு வந்தது. அது மருத்துவக் கண்காணிப்பில், தினம் 800 கலோரி சொச்சத்தில் தொடங்கிய திட்டம். வீட்டில் தனியாகச் செய்து பார்க்கக்கூடியது இல்லை.

வேகம்: வாரம் அரை முதல் ஒரு கிலோ. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் ஆபத்து கூடுகிறது. கொழுப்போடு தசையும் போகிறது. முதல் வாரத்தில் மட்டும் இரண்டு மூன்று கிலோ சட்டென்று இறங்கலாம். பெரும்பகுதி நீர்தான்.

நான்காம் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதிவையுங்கள்

வழக்கம்போலச் சாப்பிடுங்கள், வாயில் போவதை எல்லாம் எழுதுங்கள். டம்ளர் காபி, அதில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, தாளிக்கும்போது வாயில் போட்ட வறுத்த கடலை, குழந்தை தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை, ஆபீஸில் யாரோ பிறந்தநாளுக்குத் தந்த பப்ஸ். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து, "வீணாப் போயிடுமே" என்று பாத்திரத்தை வழித்துச் சாப்பிடும் பெண்களுக்கு இந்த ஏடு நிறையச் சொல்லும்.

எண்ணெயைத் தனியாகக் கணக்கிடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் ஆகிறது என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 மில்லி. அதில் மட்டும் 340 கலோரி. மூன்று லிட்டராக்கினால் 25 மில்லி. வீட்டில் யாரும் பட்டினி கிடக்காமல், ஒவ்வொருவருக்கும் 130 கலோரிக்கு மேல் குறைந்துவிட்டது. முதல் மாதத்தில் இந்த ஒரு மாற்றத்தோடு நிறுத்திக்கொண்டால்கூடத் தப்பில்லை.

ஐந்தாம் படி: நம் தட்டிலேயே மாற்றம்

நம் 95 கிலோக்காரருக்கு ஒரு நாளில் சுமார் 2,100 கலோரி செலவாகும். அதில் 500, 600 குறைத்து 1,500–1,600-க்கு வந்தால் வாரம் அரை கிலோ போகும். டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் 1,200-க்குக் கீழே போக வேண்டாம்.

கலோரியைவிட முக்கியமானது தட்டில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின் 2025-ஆம் ஆண்டுக் கட்டுரை, இந்தியர்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுப்பதாகவும் புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான் என்றும் சொல்கிறது. நம் மதியச் சாப்பாட்டைப் பார்த்தாலே புரியும். சாம்பாருக்கு ஒரு முறை சோறு, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. மூன்று சுற்றுச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டிப் பொரியல்.

இதைத் தலைகீழாக்க வேண்டும். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கோழி, பனீர், சோயா இவற்றில் ஏதாவது. மீதிக் கால் பங்குதான் சோறு. சுமார் 150 கிராம், ஒரு கிண்ணம், 200 கலோரி. அந்த ஒரு கிண்ணத்தையே சாம்பாருக்கும் மோருக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகமும் குறையும், "இன்னும் கொஞ்சம்" என்ற எண்ணமும் தணியும்.

1,500 சொச்சம் கலோரியில் ஒரு நாள் எப்படி இருக்கும்? காலையில் சர்க்கரை இல்லாத காபி. மூன்று இட்லி, பருப்பு கெட்டியாக உள்ள சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு வேகவைத்த முட்டை. பதினொரு மணிக்கு மோரும் ஒரு கொய்யாவும். மதியம் ஒரு கிண்ணச் சோறு, இரண்டு கிண்ணம் காயும் கீரையும், பருப்பு, குழம்பில் நூறு கிராம் மீன். மாலையில் தேநீரோடு அரைக் கிண்ணம் சுண்டல். இரவு எண்ணெய் விடாத இரண்டு சப்பாத்தி, பாசிப்பருப்புக் கூட்டு. சுமார் 70 கிராம் புரதம் கிடைக்கும். சைவர்கள் மீனுக்கும் முட்டைக்கும் பதில் சோயாவையோ பனீரையோ வைத்து, தயிரையும் சுண்டலையும் கூட்டிக்கொள்ள வேண்டும். எடை குறையும்போது தசையைக் காப்பாற்றுவது இந்தப் புரதம்தான். அடுத்த வேளை வரை பசி தாங்க வைப்பதும் அதுதான்.

தேங்காய்ச் சட்னியோடு ஐந்து இட்லி சாப்பிட்டவருக்கு இது பட்டினி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சிறுதானியம் பற்றி நிறையக் கனவுகள் விற்கப்படுகின்றன. சாமையும் தினையும் வரகும் நல்லவைதான், நார்ச்சத்து அதிகம். ஆனால் சமைக்காத நிலையில் நூறு கிராமுக்கு அரிசி எவ்வளவு கலோரியோ கிட்டத்தட்ட அவையும் அவ்வளவுதான். "மில்லெட்தானே" என்று இரண்டு தட்டு நெய்ப் பொங்கல் போட்டுக்கொண்டால் எடை ஏறும். கொள்ளும் அப்படித்தான். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். புரதம் நிறைந்த நல்ல பயறு. வடைக்குப் பதில் கொள்ளுச் சுண்டல் சாப்பிட்டால் லாபம். கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு உருகாது. காலைத் தேன்–எலுமிச்சைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டித் தேன் என்றால் 60 கலோரி. மூன்று ஸ்பூன் சர்க்கரைக்குச் சமம்.

இடைவிட்டு உண்ணாதிருக்கும் முறை சிலருக்கு ஒத்துவரும். மொத்தக் கலோரி சமமாக இருந்தால் அதற்கென்று தனி மகிமை எதையும் ஆய்வுகள் காட்டவில்லை. இரவு எட்டு மணிக்குமேல் டிவி முன்னால் கொறிப்பவருக்கு அது ஒரு நல்ல வேலி. இன்சுலின், கிளிமிப்பிரைடு எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை விரதம் இருந்து இரவு பலகாரம் என்ற பேரில் ஆறு பூரி சாப்பிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

வீட்டு அரசியலையும் பேசித்தான் ஆக வேண்டும். தனி அடுப்பு, தனிச் சமையல் என்று ஆரம்பித்தால் மூன்று வாரம் தாங்காது. எல்லோருக்கும் அதே சாம்பார், அதே பொரியல். அளவு மட்டும் வேறு. "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோம்மா, எனக்காக" என்று மாமியார் தோசையோடு நிற்கும்போது டயட் என்ற சொல்லை எடுக்காதீர்கள். "இப்போ வயிறு நிறைஞ்சுடுச்சு அத்தை, சாயங்காலம் டிபனுக்குக் குடுங்க" என்றால் சண்டை வராது. கல்யாணப் பந்தியில் இலையில் விழுவதைத் தடுப்பது கஷ்டம். பாயசத்தையும் ஒரு இனிப்பையும் ஆசைதீரச் சாப்பிட்டு, இரண்டாம் சுற்றுச் சோற்றுக்குக் கையைக் குறுக்கே வையுங்கள்.

ஆறாம் படி: கனத்த உடம்புக்கேற்ற அசைவு

நடையால் மட்டும் எடை குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 95 கிலோ உடம்பு அரை மணி நேரம் மிதமாக நடந்தால் 150 கலோரி சொச்சம் செலவாகும். ஒன்றரை மெதுவடை அதைச் சரிக்கட்டிவிடும். ஆனால் சர்க்கரை, இதயம், தூக்கம், மனநிலை இவற்றுக்கு நடைக்கு ஈடு கிடையாது. குறைத்த எடையைக் காப்பதிலும் அதன் பங்கு பெரிது.

முதல் நாளே பத்தாயிரம் அடி வேண்டாம். மூன்று வேளையும் சாப்பிட்டபின் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளோ மொட்டை மாடியிலோ நடங்கள். வாரத்துக்கு வாரம் இரண்டு நிமிடம் கூட்டினால், சில வாரங்களிலேயே வாரம் 150 நிமிடத்தைத் தாண்டிவிடும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஆய்வு ஒன்றின்படி, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது. மூன்றாம் மாதம் நடை சுலபமாவதற்கு இதுவே காரணம்.

தொடை உரசிப் புண்ணாவதை யாரும் எழுதுவதில்லை. பலர் நடையை நிறுத்துவது அதனால்தான். முட்டிவரை நீளும் இறுக்கமான உள்ளாடை, கொஞ்சம் வாசலின், வந்ததும் ஈரம் துடைத்துக் காயவிடுவது போதும். மடிப்புகளில் சிவந்து அரித்தால் பூஞ்சை, களிம்பு கேளுங்கள். காலணி செருப்பாக இல்லாமல் குதிகாலைப் பிடிக்கிற ஷூவாக இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை தர வேண்டும். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைத்து, கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். பத்து முறை முடியாவிட்டால் ஐந்து. சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குவது. தரையில் உட்கார்ந்து எழ வேண்டிய பயிற்சி எதையும் ஆரம்பத்தில் தொடாதீர்கள். நீச்சல்குளம் கிடைத்தால் இடுப்பளவு தண்ணீரில் நடங்கள், முட்டிக்கு அதைவிட இதம் கிடையாது. நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, பேச முடியாத மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஏழாம் படி: எடை நின்றுபோகும், அதற்குத் தயாராகுங்கள்

நாலாம், ஐந்தாம் மாதத்தில் எண் அசையாது. அநேகமாக எல்லோருக்கும் இது நடக்கும்.

எடை குறைந்த உடம்புக்குக் குறைவான எரிபொருள் போதும். அது ஒரு பக்கம். அதற்கு மேலும் உடம்பு சிக்கனம் பிடிக்கிறது. கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் குறைய, வயிறு சுரக்கும் பசி ஹார்மோன் கிரெலின் கூடுகிறது. 2011-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் இந்தப் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தபோது, அவர்கள் உடம்பு ஓய்வில் எரிக்க வேண்டியதைவிடத் தினம் சுமார் 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. பழைய பசி திரும்பி வந்தால் அது உங்கள் ஒழுக்கக்கேடு இல்லை.

அப்போது செய்ய வேண்டியது: ஒரு வாரம் மறுபடி எழுதிப் பாருங்கள், எண்ணெயும் அளவும் மெல்ல ஏறியிருக்கும். மாதவிடாய்க்கு முன் வாரத்து எடையை நம்பாதீர்கள், நீர் தேங்கியிருக்கும். இடுப்பை அளந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஆறு வாரம் அசையவில்லை என்றால், மேலும் குறைக்கத் துடிக்காமல் இரண்டு மூன்று மாதம் அதே எடையில் நிற்பதையே இலக்காக்கலாம். சாப்பாட்டை 900 கலோரிக்கு இறக்குவது மட்டும் வேண்டாம்.

கட்டுப்பாடே இல்லாமல், வயிறு வலிக்கும் வரை, யாருக்கும் தெரியாமல் சாப்பிடும் பழக்கம் வாரம் தவறாமல் வந்தால் டயட்டை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பட்டினி அதை மோசமாக்கும்.

எட்டாம் படி: ஊசியும் அறுவையும் எப்போது?

இவற்றைக் குறுக்குவழி என்று இகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரஷர் மாத்திரை போடுபவரை யாரும் சோம்பேறி என்பதில்லை.

டிர்செபடைடு, மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளுடைடு, வெகோவி என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. இரண்டுமே வாரம் ஒரு ஊசி; பசியைத் தணித்து வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துபவை. பெரிய ஆய்வுகளில் செமாகுளுடைடு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதமும், டிர்செபடைடு உச்ச அளவில் 72 வாரத்தில் 21 சதவீதம் வரையும் எடையைக் குறைத்தன. செமாகுளுடைடை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஆகவே மூன்று மாதத்துக்கு மட்டும் காசு சேர்த்துக்கொண்டு ஆரம்பிப்பதில் அர்த்தமில்லை.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சகஜம். கணைய அழற்சியும் பித்தப்பைக் கல்லும் அபூர்வம், ஆனால் உண்டு. முதுகுக்குப் பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் காத்திருக்காதீர்கள். குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இவை கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். பிசிஓடி உள்ளவர்களுக்கு எடை குறைந்ததும் எதிர்பாராமல் கரு தங்குவதுண்டு, கருத்தடை பற்றி முன்பே பேசிவிடுங்கள். பியூட்டி பார்லரிலோ ஜிம்மிலோ ஆன்லைனில் தெரியாத ஆளிடமோ ஊசி வாங்காதீர்கள்.

இரைப்பையைச் சிறிதாக்கும் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சையைப் பொறுத்தவரை, 2022-ஆம் ஆண்டுச் சர்வதேச வழிகாட்டுதல் பிஎம்ஐ 35-க்கு மேல் இருப்பவர்களுக்கு வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் பரிந்துரைக்கிறது, ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே ஒரு வாய்ப்பாக வைக்கலாம் என்கிறது. நீண்டகாலப் பலனில் இதை மிஞ்ச இன்றுவரை வேறொன்று இல்லை. அதற்கு நீங்கள் தரும் விலை: வாழ்நாள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எடுப்பது. ஒன்று முதல் ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது. அந்த மாத்திரைகளை இரண்டு வருடத்தில் மறந்துவிட்டு, நரம்புத் தளர்ச்சியும் ரத்தசோகையுமாக வருபவர்கள் உண்டு.

பெயர் தெரியாத மூலிகைப் பொடி பற்றி ஒன்று மட்டும். இந்தியாவில் 2011-ல் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, எடை குறைக்கும் 'மூலிகை' மாத்திரைகளில் கலந்திருப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. பொடி குடித்ததும் நெஞ்சு படபடத்து, தூக்கம் போய், பசியும் போனால் சந்தேகப்படுங்கள்.

ஒன்பதாம் படி: குறைந்ததைக் காப்பது

உங்களுக்கென்று ஒரு சிவப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குறைந்து நின்ற எடைக்கு மேல் மூன்று கிலோ. 85-இல் நின்றிருந்தால் 88. அதைத் தொட்ட வாரமே எழுதும் ஏட்டை எடுங்கள், சோற்றுக் கிண்ணத்தை எடுங்கள். பத்து கிலோ ஏறிய பிறகு திரும்ப ஆரம்பிப்பதைவிட மூன்று கிலோவில் பிடிப்பது எவ்வளவோ சுலபம். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், நிறையக் குறைத்துப் பல வருடம் காத்தவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் இரண்டு: தவறாமல் எடை பார்ப்பது, தினம் ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் அசைவது.

எடை ஏறும் காலம் எது என்று உங்கள் ஏடே சொல்லும். பலருக்குத் தீபாவளியிலிருந்து பொங்கல் வரை. அந்த மூன்று மாதத்தில் குறைக்க முயலாமல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். வந்த பலகாரத்தை அன்றே பக்கத்து வீட்டோடு பகிர்ந்துவிடுங்கள். டப்பாவில் இருப்பது இரவு பத்து மணிக்குக் கூப்பிடும்.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி, பிரஷர், இடுப்பளவு, மருந்து அளவு நான்கையும் டாக்டரிடம் காட்டுங்கள். முடி கொத்தாகக் கொட்டுவது, மாதவிடாய் நின்றுபோவது, வலது விலாவுக்குக் கீழே எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் வலி, எழுந்தால் மயக்கம், முயலாமலே மாதம் ஐந்து கிலோ இறங்குவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போங்கள்.